பெருநாள் முடிந்தும் நல்லவராகவே இருந்தவர்

நான் சந்தேகக்காரி. இதை ஒரு குறையாக நான் நினைத்ததே இல்லை. ரப்பர் தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் பிறந்து, பால்வெட்டுக்குப் போய், நிறுக்கிற இடத்தில் தராசு முள்ளையும் கங்காணியின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்து வளர்ந்தவள் நான். யாராவது ஒரு பொருளைச் சும்மா நீட்டினால் கை போகுமுன் புத்தி போகும். இவர் ஏன் தருகிறார்? இப்போது தருகிறவர் பிறகு என்ன கேட்பார்? இப்படிக் கேட்டுக் கேட்டுத்தான் இந்த வயது வரைக்கும் ஆபத்தில்லாமல் வந்து சேர்ந்திருக்கிறேன்.

எங்கள் தோட்டத்திலிருந்து கரவனெல்லைக்குப் போகிற பஸ் நிற்கும் சின்ன பசாரில் ஒரு தையல்கடை இருக்கிறது. அதன் மொதலாளி முஸ்லிம், ஐம்பதைத் தாண்டியவர். மிஷின் அவருடையது, கத்தரி அவருடையது. கொக்கி வைப்பது, காஜா எடுப்பது, ஓரம் மடிப்பது என் வேலை. புருஷன் கொழும்பில் கட்டட வேலை. மகள் பள்ளிக்கூடம் போகிறாள். மாமியார் இன்னும் பால்வெட்டுக்குப் போகிறார். நானும் போனவள்தான். இருட்டோடு எழுந்து, அட்டை கடித்த காலோடு மரம் மரமாக ஏறி இறங்கி, மழை பெய்தால் அன்றைக்கு வேலையும் இல்லை சம்பளமும் இல்லை என்று திரும்பி வந்த காலம் எனக்கு இன்னும் கெட்ட கனவில் வரும். அதிலிருந்து என்னை இழுத்து எடுத்தது இந்த ஊசிதான்.

ஆனால் ஆண்பிள்ளையின் கடையில் தனியாக வேலை செய்கிற பெண்ணுக்கு அந்த வேலை பெயர் கெடாத வரைக்கும்தான். எதிரே தேநீர்க்கடை, பக்கத்தில் திரீவீல் ஸ்டாண்ட். அங்கே ஒருவர் சிரித்தால் சாயங்கால பஸ்ஸில் நான் ஏறுவதற்குள் அந்தச் சிரிப்பு லயத்துக்குப் போய்விடும். மாமியாரின் வாய்க்குள் ஒரு சொல் விழுந்தால் கொழும்புக்குப் போன் போகும். அதோடு என் ஊசி முடிந்தது. அதனால் கடையில் நான் எப்போதும் வாசலைப் பார்த்துத்தான் உட்காருவேன். அளவு பார்க்கும் மூலைக்குப் பெண்கள் வந்தால் டேப்பை நான்தான் பிடிப்பேன்.

மொதலாளியைப் பற்றிச் சொல்ல வேண்டும். கெட்டவர் இல்லை, ஆனால் டெய்லர். நூல் அறுந்தால் அவர் வாயில் வருகிற வார்த்தையை இங்கே எழுத முடியாது. ஜாக்கெட்டுக்குக் கொடுத்த துணியில் மிச்சம் விழுந்தால் அது மேசைக்குக் கீழே உள்ள சாக்குக்குள் போகும், யார் கேட்டாலும் "துணி பத்தாமப் போச்சி" என்பார். வெள்ளிக்கிழமை தருகிறேன் என்றால் எந்த வெள்ளிக்கிழமை என்று யாரும் கேட்க மாட்டார்கள். மணிக்கொரு சிகரெட்.

வருஷத்தில் ஒரு மாதம் மட்டும் இவர் வேறு ஆள். நோன்பு மாதம் பிறந்தால் சிகரெட் இல்லை, கெட்ட வார்த்தை இல்லை, பாங்கு சொன்னால் மிஷின் நிற்கும். மிச்சத் துணியைக் கூட மடித்துப் பையில் வைத்துக் கொடுப்பார். தோட்டத்துப் பெண்களுக்கு இது நன்றாகத் தெரியும். "பாய்க்கு நோன்பு வந்திருச்சா? அப்ப துணியக் குடுத்துருவோம்" என்று காத்திருந்து கொண்டுவருவார்கள். பெருநாள் முடிந்து கடை திறக்கிற முதல் நாளே பழைய ஆள் திரும்பி வந்துவிடுவார். சிகரெட் புகைக்குள் உட்கார்ந்து, அறுந்த நூலைத் திட்டிக்கொண்டு. எனக்கு அதில் ஒரு நிம்மதியும் உண்டு. தெரிந்த ஆள், தெரிந்த குணம்.

இந்த வருஷம் அது நடக்கவில்லை.

இந்த வருஷம் நோன்புக்கு முன்னமே அவருக்குச் சீனி வியாதி கூடிவிட்டது. கிளினிக்கில் டாக்டர் நோன்பு பிடிக்கவே கூடாது என்று சொல்லிவிட்டார். பள்ளிவாசல் மௌலவியும், முடியாதவருக்கு மார்க்கத்தில் விலக்கு இருக்கிறது, விடுகிற ஒவ்வொரு நோன்புக்கும் ஒரு ஏழைக்குச் சாப்பாடு கொடுத்தால் போதும் என்று சொன்னாராம். அதையெல்லாம் அவருடைய மனைவி ஒழுங்காகச் செய்தார். மொதலாளி மட்டும் அந்த மாதம் முழுக்க முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டே இருந்தார். பகலானால் அளவு பார்க்கும் மூலைக்குப் போய் திரையை இழுத்துவிட்டு, நின்றபடியே அவசர அவசரமாகச் சாப்பிடுவார். கரண்டிச் சத்தம் கூடக் கேட்காது. திருடித் தின்கிற பிள்ளை மாதிரி வாயைத் துடைத்துக்கொண்டு வெளியே வருவார். நான் ஊசியில் நூல் கோக்கிற மாதிரி குனிந்துகொள்வேன்.

பெருநாள் வந்தது. எனக்கு வட்டலப்பமும் மகளுக்கு ஒரு சட்டையும் தந்தார். கடை மறுபடி திறந்த அன்று, இன்றைக்கு முதல் சிகரெட் எப்போது என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். பற்றவைக்கவில்லை. மறுநாளும் இல்லை. நூல் அறுந்தது. வாய் திறந்தது. மூடிக்கொண்டது. காலையில் நான் வரும்போதே கடை திறந்து, மேசை துடைத்து, ஓரமாக உட்கார்ந்து மெல்லிய குரலில் குர்ஆன் ஓதிக்கொண்டிருந்தார். இதெல்லாம் போகட்டும். ஒரு கிழவி சேலைத் துணியில் ஜாக்கெட் வெட்டக் கொடுத்தாள். தைத்து முடித்து, விழுந்த மிச்சத்தை அளந்து, மடித்து, "இது உங்கட துணி" என்று அவள் கையில் வைத்தார். நோன்பு முடிந்து இத்தனை நாளான பிறகு!

அந்தக் கிழவிக்கே பொறுக்கவில்லை. வெளியே போகும்போது என் காதுக்குள் கேட்டாள்.

"என்னாடி, கடைய விக்கப் போறாரா?"

"தெரியலையே."

"பின்ன எதுக்கு மிச்சத்தத் தாராரு? ஆளுக்கு ஏதும் கெட்டுப் போச்சா?"

பெருநாள் முடிந்தும் ஒருவர் நல்லவராக இருந்தால் எங்கள் ஊரில் இப்படித்தான் பேசுவார்கள். நான் பேசவில்லை, ஆனால் நினைத்தேன். ஏதோ பெரிய தப்பைச் செய்யப் போகிறவர்தான் முன்கூட்டியே இவ்வளவு ஒழுங்காக இருப்பார் என்று எனக்குப் பட்டது.

அப்புறம் சாப்பாடு ஆரம்பித்தது.

அவர் விடியற்காலையில் பள்ளிக்குத் தொழப் போய், அப்படியே கடைக்கு வந்துவிடுவார். அதனால் அவருடைய மனைவி காலைக்கு இரண்டு ரொட்டியும் பகலுக்குச் சோறும் இரண்டு தட்டுப் பெட்டியில் கட்டிக் கொடுத்து அனுப்புவார். ஒரு திங்கட்கிழமை மொதலாளி அந்தப் பெட்டியைத் தூக்கி என் மேசையில் வைத்தார்.

"தங்கச்சி, இத நீங்க சாப்பிடுங்க."

"எனக்கு வேணாங்க. நான் கொண்டாந்திருக்கேன்."

"எனக்கு வெளிய ஒரு எடத்துல சாப்பாடு ஈக்கி. இது வீணாப் போயிடும். வீசினாப் பாவம்."

சொல்லிவிட்டுப் பகல் தொழுகைக்கு, லுஹர் தொழப் போய்விட்டார். நான் பெட்டியைத் திறக்காமல் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு திறந்தேன். பசிதான், வேறென்ன. சிவப்பரிசிச் சோறு, மீன் ஆணம், முருங்கைக்கீரை, பாகற்காய்ச் சம்பல். சீனி வியாதிக்காரருடைய சாப்பாடு. ஒரு பெண்ணை மயக்க நினைக்கிறவர் யாராவது பாகற்காய் கொடுப்பாரா என்று அப்போதே யோசித்திருக்க வேண்டும். ஆனால் மீன் ருசியாக இருந்தது. ரொட்டி இரண்டையும் மகளுக்கு எடுத்து வைத்துக்கொண்டேன்.

வியாழக்கிழமை மறுபடியும். அடுத்த திங்கள், அடுத்த வியாழன். மற்ற நாட்களில் அவரே சாப்பிட்டார். இந்த இரண்டு நாட்களில் மட்டும் ஏன்? எங்கள் பக்கம் திங்கள் சிவனுக்கு, வியாழன் குருவுக்கு. ஒரு முஸ்லிம் மனிதருக்கு அதில் என்ன வேலை? நாள் பார்த்து, கிழமை பார்த்து ஒரு பெண்ணுக்குச் சோறு கொடுக்கிறார் என்றால் யாரோ எதையோ ஓதிக் கொடுத்திருக்க வேண்டும் என்று ஒரு பக்கம் தோன்றியது. சோற்றை மோந்து பார்த்தேன். கிளறிப் பார்த்தேன். பிறகு சாப்பிட்டேன்.

இன்னொன்றும் கவனித்தேன். அந்த நாட்களில் பகல் சாய்ந்தால் அவருக்கு வியர்த்துக் கொட்டும். ஃபேன் ஓடும், அவர் கழுத்து நனைந்திருக்கும். நான் கொக்கி வைத்த ஜாக்கெட்டை நீட்டினால் வாங்குகிற கை நடுங்கும். ஒரு தடவை ஊசிக்கு நூல் கோக்க முடியாமல் என்னிடம் நீட்டினார். முப்பது வருஷம் தைக்கிற ஆள்! என் முகத்தைப் பார்க்காமல் எங்கேயோ பார்த்துக்கொண்டு, "கொஞ்சம் கோத்துத் தாங்க" என்றார். நூலைக் கோத்துத் தூரத்திலிருந்தே மேசையில் வைத்தேன். என்னைப் பார்த்தால் இந்த மனுஷனுக்கு ஏன் வியர்க்கிறது, ஏன் நடுங்குகிறது? கல்யாணமான எந்தப் பெண்ணும் இதற்கு ஒரே பதிலைத்தான் யோசிப்பாள். அன்றிலிருந்து நான் கத்தரியை என் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டேன்.

வேலையை விட்டுவிடலாம் என்று நினைத்தேன். பால்வாளியை நினைத்தேன். விடவில்லை. சாப்பாட்டை வேண்டாம் என்று சொல்லிவிடலாம் என்றும் நினைத்தேன். மகள் வியாழக்கிழமையானால் "அம்மா, ரொட்டி?" என்று கேட்கத் தொடங்கியிருந்தாள். அதனால் அதையும் சொல்லவில்லை.

இந்த இடத்தில் எங்கள் லயத்துப் பழக்கம் ஒன்று குறுக்கே வந்தது. ஒரு வீட்டிலிருந்து சாப்பாடு வந்த பாத்திரத்தை எங்கள் ஆட்கள் அழுக்காகவும் திருப்பிக் கொடுக்க மாட்டார்கள், வெறுமையாகவும் கொடுக்க மாட்டார்கள். கழுவித் துடைத்து, கொஞ்சம் கறிவேப்பிலையோ, நாலு பச்சை மிளகாயோ, ஒன்றும் இல்லாவிட்டால் ஒரு சிட்டிகை சீனியோ போட்டுத்தான் கொடுப்போம். கொடுக்கிறவர் மேல் எவ்வளவு சந்தேகம் இருந்தாலும் பாத்திரம் என்ன செய்தது? நான் பெட்டியைக் கழுவி வைப்பேன். ஒரு நாள் கறிவேப்பிலை போட்டேன். எங்கள் லயத்துக்குப் பின்னால் தேசி மரம், எலுமிச்சைதான், காய்த்துக் கிடந்தது, ஒரு திங்கட்கிழமை இரண்டு தேசிக்காய் போட்டேன். மொதலாளி பெட்டியைத் திறந்து பார்க்கிறவர் இல்லை, அப்படியே பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோவார். தன் வாழ்நாளில் ஒரு பாத்திரம் கழுவியிராத மனிதர் வாரத்தில் இரண்டு நாள் பளபளவென்று கழுவிய பெட்டியோடு வீட்டுக்குப் போனால் அவர் மனைவி என்ன நினைப்பார் என்று எனக்குத் தோன்றவே இல்லை. சந்தேகம் எனக்கு மட்டும் சொந்தமென்று நினைத்துவிட்டேன்.

காலையில் குங்குமம் வைத்த விரலோடுதான் அந்தக் காய்களைப் பறித்தேன். ஒன்றில் சிவப்பாக ஒட்டியிருந்திருக்கிறது.

அந்த வாரம் வியாழக்கிழமை பகல். வழக்கம்போல் பெட்டி என் மேசைக்கு வந்துவிட்டது. நான் திறக்கவில்லை, ஒரு பள்ளிக்கூடச் சட்டைக்கு அவசரமாகப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தேன். மொதலாளி லுஹர் தொழுதுவிட்டு வந்து மிஷினில் உட்கார்ந்திருந்தார். வாசலில் திரீவீல் நின்றது. அவருடைய மனைவி இறங்கினார். நான் அவரை அக்கா என்று கூப்பிடுவேன். பெருநாளுக்குப் பெருநாள் பார்த்துச் சிரிப்போம், அவ்வளவுதான். அன்று சிரிக்கவில்லை. நேராக வந்து, வெட்டுகிற மேசை மேல் ஒரு காகிதத்தைப் பிரித்து வைத்தார். உள்ளே குங்குமம் ஒட்டிய தேசிக்காய்.

"இது என்ன?" என்று கேட்டார். என்னைப் பார்த்துத்தான்.

"தேசிக்காய்க்கா."

"தேசிக்காய் எண்டு எனக்குத் தெரியும். செவப்புப் பூசி என்ட மாப்பிளட சாப்பாட்டுப் பெட்டிக்குள்ள போட்டது ஆரு? எனக்குச் சூனியம் செய்யிறியா? என்ட புருஷன ஓதிப் புடிக்கப் பாக்குறியா?"

தேசிக்காயில் செய்வினை வைப்பதும் எடுப்பதும் எங்கள் பக்கம் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அதை நான் பாகற்காய்ச் சம்பல் தின்ற நன்றிக்குப் போட்டேன் என்று சொன்னால் யார் நம்புவார்கள்? அக்காவின் குரல் ஏறிக்கொண்டே போனது. பெட்டியைக் கழுவுகிற பொம்பிளை ஆர், கறிவேப்பிலை போடுகிற பொம்பிளை ஆர், நோன்பு முடிந்தும் மனுஷன் இவ்வளவு நல்லவராக நடந்தது எதை மறைக்க என்றெல்லாம் கேட்டார். அந்தக் கடைசிக் கேள்வியைத்தான் நானும் இத்தனை நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். தேநீர்க்கடையிலிருந்து ஆட்கள் எழுந்து வந்து நின்றார்கள். திரீவீல்காரர் ஒருவர் என்ன விஷயமென்று சிங்களத்தில் "மொகத?" என்று கேட்க, இன்னொருவர் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குக் கேட்டது.

நான் மொதலாளியைப் பார்த்தேன். ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவர் மிஷினில் கை வைத்தபடி, வியர்த்து ஒழுகிக்கொண்டு, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வீட்டுக்குப் போ. பொறகு பேசுவோம்" என்றார் மனைவியிடம். அவ்வளவுதான்.

எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை. தொழுகிற மனிதர், ஓதுகிற மனிதர், ஒரு சாண் துணியைக் கூட ஏமாற்றாமல் மடித்துக் கொடுக்கிற மனிதர், என் பெயர் நடுத்தெருவில் கிடக்கும்போது வாயைத் திறக்கவில்லை. பெட்டியைத் தூக்கி அக்காவுக்கு முன்னால் வைத்தேன். மூடியைத் திறந்தேன்.

"பாருங்கக்கா. இன்னைக்குச் சோறு, நீங்க கட்டுன மாதிரியே இருக்கு. இத நான் கேக்கல. அவராத்தான் தாராரு. வேணாம்னும் சொல்லிப் பாத்தேன். ஒவ்வொரு திங்கக்கெழமையும் வியாழக்கெழமையும் தூக்கி வச்சிட்டுப் போயிர்றாரு. ஏன்னு அவரையே கேளுங்க!"

அக்காவின் குரல் பாதியில் நின்றது.

"என்ன கெழம?"

"திங்களும் வியாழனும்."

"மத்த நாள்ல?"

"மத்த நாள்ல அவரே சாப்பிடுறாரு."

எனக்குப் புரியாத அந்தக் கிழமைக் கணக்கு அவருக்கு உடனே புரிந்துவிட்டது. முஸ்லிம்கள் ரமழானுக்கு வெளியே விரும்பிப் பிடிக்கிற நோன்புக்கு அவைதான் நாட்கள் என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். அக்கா மெதுவாகத் திரும்பிப் புருஷனைப் பார்த்தார். அந்த நனைந்த கழுத்தையும் நடுங்குகிற கையையும் அவர் பார்த்த விதம் வேறு.

"நோன்பா?"

மொதலாளி மிஷினிலிருந்த துணியை இழுத்து மடித்தார்.

"கேக்கிறன். நோன்பா ஈக்கிறீங்க?"

தலை அசைந்தது.

"காலைல என்ட கையால சீனி மருந்துக் குளிச தந்தேனே! பாங்குக்கு முந்தி ரெண்டு பிஸ்கட்டோட முழுங்கினீங்களே! அந்தக் குளிசயத் திண்டுபோட்டு இவ்வளவு நேரம் வெறும் வயித்தோடயா?" அக்கா வெட்டுகிற மேசை மேலேயே உட்கார்ந்துவிட்டார். "சீனி எறங்கினா மௌத்தாப் போவீங்க எண்டு டொக்டர் சொல்லக்குள்ள பக்கத்துலதானே நிண்டேன்."

சூனியம், தேசிக்காய், நான், எல்லாம் அவருக்கு மறந்துவிட்டது. பெட்டியை இழுத்து, மீனைப் பிசைந்து உருட்டி, அவர் வாய்க்கு நேரே நீட்டினார். மொதலாளி முகத்தைத் திருப்பினார். "சுன்னத்தான நோன்புதானே, விடலாம். விடுங்க!" என்று அக்கா அதட்டினார். கை நீட்டியபடியே இருந்தது. கடைசியில் அவர் வாயைத் திறந்தார். நான் ஓடிப்போய் எதிர்க்கடையில் சீனி நிறையப் போட்டு ஒரு தேநீர் வாங்கிவந்தேன். அதைக் குடித்த பிறகுதான் அவர் கை நடுக்கம் கொஞ்சம் நின்றது. கல்யாணமான பெண்ணுக்குத் தோன்றுகிற அந்த ஒரே பதிலை நினைத்து எனக்கே கூச்சமாக இருந்தது. அந்த மனுஷனைப் பற்றி என்னென்னவோ சந்தேகப்பட்டேன், பசித்திருக்கிறார் என்பது மட்டும் எனக்குத் தோன்றவில்லை.

"ஏன் எனக்கிட்ட சொல்லல்ல?" என்று அக்கா கேட்டார். இப்போது குரல் தணிந்துவிட்டது.

"சொன்னா விடுவியா?" என்றார். பிறகு மெதுவாகச் சொன்னார். "அந்த மாசம் முழுக்க ஊரே நோன்பு. நான் அந்தத் திரைக்குப் பின்னுக்கு நிண்டு திண்டேன். என்ட பேருல ஆரோ ஏழை திண்டாங்க, நானும் திண்டேன். மாசம் போன பொறகாவது என்னால முடிஞ்சத விடாமச் செய்யோணும் எண்டு இருந்தேன். சிகரெட்ட விட்டேன். பொய்ய விட்டேன். அது காணாது எண்டு பட்டுச்சு. ஆருக்கும் தெரியாம அல்லாஹ்வுக்கு மட்டும் ஒண்டு செய்ய நெனச்சேன். வெளிய சொன்னா அதுட கூலி போயிடும்."

"அல்லாஹ் உங்களுக்கு இத விட்டுத் தந்திருக்கான்" என்றார் அக்கா. "அவன் விட்டத நீங்க ஏன் புடிச்சிட்டு ஈக்கிறீங்க?"

இதெல்லாம் கடைக்குள் மெல்லிய குரலில் நடந்தது. வெளியே நின்றவர்களுக்கு இது ஒன்றும் கேட்கவில்லை. அவர்களுக்குக் கேட்டது கத்தல் மட்டும். தோட்டக்காரி, தேசிக்காய், சூனியம், பாயின் பெண்சாதி வந்து பிடித்துவிட்டாள். நான் பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தபோது வழிவிட்டு நின்றார்கள். அந்த மாதிரி வழிவிடுவதை நான் முன்னும் பார்த்திருக்கிறேன், வேறு பெண்களுக்கு.

பஸ்ஸில் என் பக்கத்து சீட்டில் யாரும் உட்காரவில்லை. லயத்துக்கு வந்தபோது மாமியார் அடுப்புக்கு முன்னால் முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தார்.

"இனிமே நீ அந்தக் கடைக்குப் போவ வேணாம். நாளான்னைக்கு என்னோட பெரட்டுக்கு வா. கங்காணிகிட்டப் பேசிக்கலாம்."

"நான் ஒன்னும் பண்ணல மாமி."

"பண்ணல்லன்னு நான் நம்புறேன். ஊரு நம்பணுமே. மகனுக்கு நான் இன்னும் போன் பண்ணல. பண்ண வச்சிராத."

மறுநாள் கடைக்குப் போகவில்லை. சனிக்கிழமை விடிந்தும் விடியாமலும், பெயர் பதிந்து வேலை பிரிக்கிற பெரட்டுக் களத்துக்கு மாமியாரோடு போனேன். வேலைக்குப் போகிறவர்கள் எல்லோரும் வாளியும் கத்தியுமாக நின்றார்கள். மாமியார் எனக்கு ஒரு பழைய பால்வாளியைத் தந்திருந்தார். பிடி துருப்பிடித்து விரலைக் கீறியது. என் முறை வந்ததும் கங்காணி என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"என்னாம்மா, டெய்லர் கட போரடிச்சிருச்சா? தேசிக்கா வேல ஒன்னும் இங்க இல்லியே."

பின்னால் சிரித்தார்கள். எனக்குக் கண் கலங்கியது, ஆனால் வாளியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு நின்றேன். என் பெயரை எழுதுங்கள் என்று சொல்ல வாயைத் திறந்தபோதுதான் மேட்டில் திரீவீல் ஏறுகிற சத்தம் கேட்டது.

அதிலிருந்து மொதலாளி இறங்கினார். பின்னால் அக்கா. வெள்ளைத் தொப்பி, இஸ்திரி போட்ட சட்டை. திரீவீலை ஓட்டி வந்தவர் அன்று சிரித்த அதே ஆள். மொதலாளி நேராகக் களத்தின் நடுவுக்கு வந்து நின்றார். அவருக்குக் கூட்டத்தில் பேசத் தெரியாது. எதிரே நின்றவர்களில் பாதிப்பேருக்கு அவர்தான் ஜாக்கெட் தைத்தவர், ஆனாலும் முதல் வார்த்தைக்குத் தடுமாறினார்.

"எல்லாருக்கும் ஒரு விஷயம் சொல்லோணும். எனக்குச் சீனி வருத்தம். நோன்பு புடிக்க வேணாம் எண்டு டொக்டர் சொல்லீக்கிறாரு. நான் வீட்டுக்குத் தெரியாமப் புடிச்சேன். திங்களும் வியாழனும். வீட்டால வந்த என்ட சாப்பாட்ட வீச மனமில்லாம இந்தத் தங்கச்சிக்குக் குடுத்தேன். அவ பெட்டியக் கழுவி, ரெண்டு தேசிக்காய் போட்டுத் தந்தா. அவ்வளவுதான் கத. வேற ஆராவது வேற மாதிரிச் சொன்னா அது பொய்." ஓட்டி வந்தவர் பக்கம் திரும்பி இதையே சிங்களத்திலும் சொன்னார். அந்த ஆள் தரையைப் பார்த்தார்.

"கத்தினது நான்தான்" என்றார் அக்கா. "பெட்டிய ஏன் கழுவினா எண்டு அவகிட்டக் கேட்டிருந்தாப் போதும். கேக்காமக் கத்திட்டேன். எல்லாரும் என்ன மன்னிக்கோணும், மொதல்ல இந்தப் புள்ள மன்னிக்கோணும்."

கூட்டத்திலிருந்து அந்த ஜாக்கெட் கிழவி, "வெறும் பாத்திரத்த யாராச்சும் குடுப்பாங்களா? இதக்கூடத் தெரியாதா?" என்று அதட்டலாகச் சொன்னாள். யாரை அதட்டினாள் என்று தெரியவில்லை, ஆனால் எல்லோரும் அவரவர் மரத்துக்குக் கிளம்பினார்கள். கங்காணி பேனாவை மூடிவிட்டார்.

மொதலாளி எனக்குப் பக்கத்தில் வந்து நின்றார். அவர் முகத்தைப் பார்க்க எனக்கு என்னவோ போலிருந்தது. யாருக்கும் தெரியாமல் வைத்திருக்க ஆசைப்பட்ட ஒன்றை ஒரு தோட்டத்துக்கே சொல்லிவிட்டு நிற்கிறார்.

"வெளிய சொன்னா அதோட கூலி போயிரும்னு அன்னைக்குச் சொன்னீங்களே, மொதலாளி" என்றேன். "இத்தன பேருக்கு முன்னால சொல்லிட்டீங்களே. எல்லாம் போயிருமே."

"போவட்டும்" என்றார். "ஒங்கட பேரத் திண்டுபோட்டு நான் என்னெண்டு நோன்பு புடிக்கிற, தங்கச்சி?"

நான் பால்வாளியை மாமியார் கையில் கொடுத்துவிட்டு, திரீவீலில் அக்காவுக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தேன்.